காய்ச்சியவன் குடிக்கட்டும்

தியாகேசனின் பின்மண்டையை உடைத்த கல், அவனே தூக்கி வந்து வைத்த கல்.

சாலையில் நெல் காயப்போட்டால் ஓரத்தில் கல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ்காரன் நெல் மேலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுவான். நன்னிலம் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழி இருபத்து மூன்றாம் தேதி காலையில் பதினோரு கல் வைத்தான். ஒன்பதாவது கல்லில் தலை மோதியது. மோதவைத்தவன் அவன் மனைவி மேகலாவின் கூடப்பிறந்த அண்ணன் பிரபு. காரணம், ஒரு கிளாஸ் பீர்.

தியாகேசன் சிங்கப்பூரில் பதினோரு வருஷம் இருந்தவன். சின்ன பீர் ஆலை ஒன்றில் தொட்டி கழுவும் வேலை. தொட்டி கழுவுகிறவனுக்கு மூக்கு வேண்டும். பழைய புளிப்பு ஒரு மூலையில் ஒட்டியிருந்தாலும் அடுத்த ஈடு நாசம். அவனுக்கு மூக்கு இருந்தது. மூன்றாம் வருஷம் அவனைக் கூப்பிட்டு முகரச் சொன்னார்கள். ஆறாம் வருஷம் அவன் தலையசைக்காமல் ஒரு பீப்பாய் வெளியே போகவில்லை.

ஊர் திரும்பியதும் மூன்று ஏக்கரில் நெல் போட்டான். ஃபோனில் ஒரு பக்கம் ஆரம்பித்துப் பீர் பற்றி எழுதினான். ஒரு பீருக்கு நாலைந்து வரி. நல்லதை நல்லது என்றான். கெட்டதைக் கெட்டது என்றான். நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். அவனிடம் இருந்த சொத்து அந்த நாலைந்து வரிதான். நிலம்கூட அப்பன் கொடுத்தது.

பிரபு அதைப் பார்த்துத்தான் காரைக்காலில் அரசலாற்றங்கரையில் ஆலை வைத்தான். புதுச்சேரி எல்லைக்குள் வருவதால் லைசென்ஸ் கிடைத்தது. பட்டத்துக்கு ஒரு பீர் என்று திட்டம். கோடைக்கு ஒன்று, குறுவைக்கு ஒன்று, அடைமழைக்கு ஒன்று, தைக்கு ஒன்று. நெல்லை எப்படி முளைகட்டுவது என்று கேட்டான்.

"வெதைக்குக் கட்டுற மாதிரியே கட்டு மச்சான். சாக்குல போட்டு வாய்க்கால்ல ஒரு நாள் ஊறவை. அள்ளிக் குவிச்சு வைக்கோலப் போட்டு மூடு. மேல கல்ல வை. ஒன்றரை நாள்ல மொளை வந்துரும்."

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தான். சிங்கப்பூர் ஆலையில் முதல் கிளாஸைக் காய்ச்சியவன்தான் குடிப்பான். எல்லோர் முன்னாலும் நின்றபடி குடிப்பான். பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள்.

பிரபுவுக்கு அது பிடித்துப்போயிற்று. சித்திரையில் முதல் பீர் இறங்கியதும் ஒரே மூச்சில் குடித்தான். காலிக் கிளாஸைத் தலைமேல் கவிழ்த்தான். சொட்டு விழவில்லை.

"காய்ச்சுனவன் குடிச்சாச்சு. இனி நாட்டுல எவன் வேணாலும் குடிக்கலாம்" என்று கத்தினான்.

தியாகேசன் சுவைப்பது காலை பத்து மணிக்கு. முதலில் வெந்நீரில் வாய் கொப்பளிப்பான். உப்பில்லாத பொரி ஒரு கை. பிறகு மூன்று மடக்கு. மறுநாள் அதே பீரை வீட்டில் இன்னொரு தடவை. அதற்காக இரண்டு பாட்டில் வாங்கித் தவிட்டுச் சாக்குக்குள் வைத்து எல்லைச் சாவடியைத் தாண்டுவான். பிடித்தால் கேஸ். தவிட்டை யாரும் கிளறவில்லை.

எழுதினான்:

கோடை பீர். முதல் மடக்கில் எலுமிச்சைத் தோல். இரண்டாவதில் வெயிலில் கிடந்த வைக்கோல். மூன்றாவதில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் முடிவது நல்லது.

தஞ்சாவூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

புரட்டாசியில் இரண்டாவது.

குறுவை பீர். புது நெல். நாக்கின் ஓரத்தில் உமி. வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த அன்று எழும் மண்வாசனை லேசாக. அவசரப்பட்டுவிட்டார்கள். பத்து நாள் பொறுத்திருக்கலாம்.

பிரபு அதைப் படித்துவிட்டுக் கையிலிருந்த கிளாஸைச் சுவரில் அடித்தான். தெறித்த சில்லு சாரங்கபாணியின் புருவத்தைக் கிழித்தது. சாரங்கபாணி நெல் முளைகட்டும் ஆள். ஐம்பது வயது. நாற்றங்கால் வேலையிலேயே கை முதிர்ந்தவர். ரத்தத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சில்லைப் பொறுக்கினார்.

"அவசரமாம்ல, அவசரம்" என்றான் பிரபு. பிறகு சிரித்தான். "பத்து நாள் பொறுக்கறவனுக்கு எந்த ஊர்லய்யா கூட்டம் நிக்கும்?"

கோபமும் சிரிப்பும் அவனுக்கு ஒரே கதவு வழியாக வரும். மேகலா சின்ன வயதிலேயே அதைப் பார்த்தவள். தனக்குப் பிடிக்காத நாயை அவன் கிணற்றில் போட்டுவிட்டுச் சிரித்ததை ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

ஐப்பசியில் மூன்றாவது.

அடைமழை பீர். கறுப்பு. வறுத்த அரிசி, அடுப்புக்கரி, கடைசியில் வெல்லப்பாகு. நனைந்து வந்தவன் குடிக்க வேண்டியது.

மழையோடு மழையாகக் கூட்டம் வந்தது. கடைசிக் கிளாஸுக்கு அடிதடி. மயிலாடுதுறைக்காரன் ஒருவன் கும்பகோணத்துக்காரனின் காதைக் கடித்துத் துப்பினான். பிரபு அந்தக் கதையை எல்லா மேஜையிலும் சொன்னான். அந்தக் காதும் விளம்பரமாயிற்று.

கார்த்திகை முழுக்க மழை விடவில்லை. தைக்காக வாங்கி வைத்த நெல் நனைந்து பூஞ்சை பூத்துவிட்டது. முளைகட்டிப் பார்த்தார்கள். பாதி அழுகியது. தை பீருக்குப் பொங்கல் வாரம் முழுக்க ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள். எப்படியோ நெல் கிடைத்தது. எங்கே கிடைத்தது என்று பிரபு சொல்லவில்லை. தியாகேசன் கேட்கவும் இல்லை.

மார்கழி இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு ஆலைக்குப் போனான். பிரபு கறுப்பு வேட்டியில் இருந்தான். கழுத்தில் துளசிமாலை. தாடி.

"என்ன மச்சான், சாமியாயிட்ட?"

"நாப்பத்தோரு நாள் விரதம் மாப்ளை. காய்ச்சலாம், குடிக்கத்தான் கூடாது." அவனே சிரித்தான். "இந்தத் தடவை மொத கிளாஸு உனக்கு."

சாரங்கபாணி ஊற்றிக் கொடுத்தார். பொன் நிறம். நுரை அழகாக நின்றது. தியாகேசன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனான். போன வேகத்தில் கை திரும்பி வந்தது.

மறுபடி முகர்ந்தான். ஒரு மடக்கு வாயில் வைத்தான். விழுங்காமல் வாளியில் துப்பினான்.

அவனுக்குத் தெரிந்த வாடை. ஆடி மாதம். விதை மூட்டையின் தையலைப் பிரிக்கிறோம். முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. நெல் அழுகாமல் இருக்க விதையில் புரட்டும் மருந்து. தெரியாமல் யாரும் தின்றுவிடக் கூடாது என்று அதில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள்.

சாரங்கபாணியின் கையைப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

"அண்ணே, நெகத்துல என்ன?"

"வெதநெல்லு சாயம் தம்பி." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "மழையில வெதைக்காமத் தங்கிப்போன மூட்டை. மொளை என்னமா வந்துச்சுங்கிறீங்க! ஒண்ணுகூடப் பழுதில்ல."

"மருந்துண்ணே அது."

"அதான் ஒரு நாள் பூரா வாய்க்கால்ல கெடந்துச்சே. தண்ணி செவசெவன்னு போச்சு. எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிருச்சு தம்பி. நாத்தங்காலுக்கு நாம அப்படித்தானே..."

பிரபுவின் கை அவர் வாயில் விழுந்தது. புறங்கை. அவர் மூட்டை மேல் சாய்ந்தார். எழுந்திருக்கும் முன் விலாவில் உதைத்தான். மாலை மார்பில் குதித்தது.

"கேட்டாங்களாடா ஒன்ன? கேட்டாங்களா?"

தியாகேசன் குறுக்கே போய் நின்றான். சாரங்கபாணி பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும். முப்பது வருஷமாக அவர் விதையைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் போடுகிறார். சிவப்பு ஓடுகிறது. தண்ணீர் தெளிகிறது. விதையை யாரும் தின்பதில்லை. அதனால் கழுவினது போதுமா என்று யாரும் கேட்டதில்லை. இவரைப் போலவே முளைகட்டச் சொன்னவன் தியாகேசன்தான்.

"கொட்டிடு மச்சான்" என்றான்.

"எதை?"

"மொத்தத்தையும்."

"ஊறி, வெந்து, நொதிச்சு, வடிச்சு வந்திருக்கு. அதுல எங்கேருந்துய்யா மருந்து இருக்கும்?"

"என் மூக்குக்கு வந்துச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

பிரபு கிட்டே வந்து அவன் சட்டைக் காலரை நீவிவிட்டான்.

"மாப்ளை. நல்லாருக்குன்னு எழுத வேணாம். எழுதாம இரு. அது போதும். ஒன் மக தர்ஷினி பெரியவளாகி உக்காந்தா தாய்மாமனா நின்னு பச்ச ஓலை கட்டறவன் நான்தான். அதை நெனச்சுக்க."

தியாகேசன் காலரை விடுவித்துக்கொண்டான். வழக்கம்போல் இரண்டு பாட்டிலை எடுத்துத் தவிட்டுச் சாக்கில் வைத்தான். மறுநாள் பத்து மணிக்கு வீட்டில் ஒன்றைத் திறந்தான். வெந்நீர், பொரி. அதே வாடை. மேகலாவிடம் நீட்டினான். அவள் மூக்கைச் சுளித்து, "வெத மூட்டை பிரிச்ச மாதிரி இருக்கு" என்றாள். யார் காய்ச்சியது என்று அவளுக்குத் தெரியும்.

இன்னும் ஒரு நாள் பொறுத்தான். பிரபு கொட்டினானா என்று சாரங்கபாணிக்கு ஃபோன் போட்டுக் கேட்டான். "மிச்சத்தையும் பாட்டில்ல அடைச்சாச்சு தம்பி" என்றார். மூச்சு விட்டு விட்டுப் பேசினார். விலா வலித்திருக்கும்.

அன்று மாலை எழுதினான்:

தை பீர். விதை மூட்டையைப் பிரிக்கும்போது வரும் மருந்து வாடை. சாயம் புரட்டிய விதைநெல்லில் காய்ச்சியது. குடிக்க வேண்டாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பட்டச் சம்பாவைச் சாலையில் பரப்பினார்கள். மேகலா பலகையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தியாகேசன் கல் வைத்து முடித்து நிமிர்ந்தான். பிரபுவின் வேன் நெல் மேல் ஏறி நின்றது.

கதவு திறந்தது. கறுப்பு வேட்டி, மாலை. கையில் பெரிய ஸ்பேனர்.

"எழுதிப்புட்ட."

"எழுதிட்டேன்."

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு நங்கென்றது. இரண்டாவது முழங்கையில். தியாகேசன் குனிந்தபோது பிரபு முடியைப் பிடித்து நிமிர்த்தினான். முழங்காலால் வயிற்றில் இடித்தான். காலடியில் நெல் உருண்டது. நெல்லில் நின்று சண்டை போட முடியாது, கால் நிற்காது. தியாகேசன் மல்லாக்கப் போனான். ஒன்பதாவது கல் காத்திருந்தது.

சத்தம் தேங்காய் உடைத்த மாதிரி இருந்தது. பிரபு அதோடு விடவில்லை. மார்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு காதையும் பிடித்து, அதே கல்லில் இன்னொரு முறை மோதினான். நெல் சிவந்தது.

மேகலா ஓடிவந்தாள். பலகையைத் திருப்பிப் பிடித்து, அதன் விளிம்பால் அண்ணனின் வலது கையில் போட்டாள். இரண்டு விரல் மடங்கித் தொங்கியது. அடுத்த அடி கழுத்தைத் தேடி வந்தது. பிரபு உருண்டு தப்பினான்.

"மேகலா, நான் ஒன் அண்ணன்டி!"

"இருந்துக்க. கிட்ட வந்தா கொன்னு இந்த நெல்லுலயே பொரட்டிருவேன்."

மாலை அறுந்து நெல்லோடு கலந்துகிடந்தது. தியாகேசனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, சாயங்காலம் வரை அவள் மணி மணியாகப் பொறுக்கி எறிந்தாள்.

ஆஸ்பத்திரியில் தியாகேசன் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். மச்சானைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. பதினாறு தையல். எட்டாம் நாள் வீட்டில் படுத்திருந்தான். சமையலறையிலிருந்து புகை வந்து கண் எரிந்தது. எழுந்து போய்ப் பார்த்தான். மத்திக் குழம்பு அடிபிடித்துக் கறுத்திருந்தது. கொல்லையிலிருந்து ஓடிவந்த மேகலா, "பக்கத்துலதானே படுத்திருந்தீங்க, வாசலு வரைக்கும் நாறுது" என்றாள்.

அவன் சட்டிமேல் முகத்தைக் கவிழ்த்தான். ஒன்றுமில்லை. சாம்பிராணியைக் கொளுத்தினான். ஒன்றுமில்லை. உரச்சாக்கில் முகத்தைப் புதைத்தான். மாட்டுக் கொட்டகையில் போய் நின்றான். உலகத்தை யாரோ கழுவி வைத்திருந்தார்கள்.

பின்மண்டையில் அடிபட்டால் முன்னால் மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு அறுந்துபோவதுண்டு என்று டாக்டர் சொன்னார். வாசனை திரும்ப வரலாம். வராமலும் போகலாம். இது மேகலாவுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

பிரபு ஊரெல்லாம் வேறு சொன்னான். தியாகேசன் ஆலையில் பங்கு கேட்டான், தான் கொடுக்கவில்லை, அந்த வயிற்றெரிச்சலில் எழுதிவிட்டான் என்றான். நம்பினார்கள். மாப்பிள்ளை மச்சான் சண்டையை நம்ப யாருக்குக் கசக்கும்? வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்தது. தை பீர் ஒன்பது நாளில் தீர்ந்தது. சிலர் வாந்தி எடுத்தார்கள். பீர் குடித்தவன் வாந்தி எடுப்பது செய்தி இல்லை. ஃபோனில் அவன் எழுதும் பக்கத்தில் வந்து திட்டினார்கள். மூக்கா, மூக்குப்பொடி டப்பாவா என்று ஒருவன் கேட்டான். நன்னிலத்து நாரதர் என்றான் இன்னொருவன். தியாகேசன் நான்கு மாதம் ஒரு வரி எழுதவில்லை.

ஆனால் அவன் எழுதாத ஆலைக்குப் பழைய கூட்டம் வரவில்லை. தஞ்சாவூர்க் கார்கள் நின்றுவிட்டன. சித்திரை கடைசியில் ஒரு காலை, பிரபு இரண்டு பாட்டிலோடு வாசலில் நின்றான். வலது கையில் இரண்டு விரல் வளைந்து கூடியிருந்தது.

தர்ஷினி பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். மேகலா அண்ணனைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு மாப்ளை" என்றான் பிரபு. கூடத்தில் உட்கார்ந்தான். "இது புது கோடை பீரு. சுத்தமான கோதுமை, சுத்தமான நெல்லு. குடி. எழுது. ஒன் மண்டையும் ஆறிருச்சு, என் விரலும் கூடிருச்சு."

தியாகேசன் வெந்நீரில் வாய் கொப்பளித்தான். பொரி தின்றான். எல்லாம் பழக்கத்தில் நடந்தது. கிளாஸில் ஊற்றினான். சுழற்றினான். மூக்கருகே கொண்டுபோனான்.

குளிர்ச்சி தெரிந்தது. நுரை உடையும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பச்சைத் தண்ணீராக இருக்கலாம். பூச்சிமருந்தாக இருக்கலாம்.

பிரபு பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன மாப்ளை, எலுமிச்சந்தோலு வருதா?"

வருகிறது என்று சொன்னால் போதும். அவன் பக்கம் திரும்ப ஓட ஆரம்பிக்கும். யாருக்கும் தெரியாது. கெட்டது என்று சொன்னாலும் நம்ப ஆள் உண்டு. இரண்டும் பொய். இதுவரை அவன் ஒரு பொய்கூட எழுதியதில்லை. நாரதர் என்று திட்டு வாங்கியதுகூட உண்மைக்குத்தான்.

கிளாஸைப் பிரபுவின் முன்னால் வைத்தான்.

"காய்ச்சுனவன் குடிக்கட்டும்."

பிரபு சிரித்தான். "நஞ்சா வச்சிருக்கேன்?" எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். தலைமேல் கவிழ்த்தான். சொட்டு விழவில்லை.

தியாகேசன் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தான். மாவுப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். திறக்காத இரண்டாவது தை பீர். மூடியைத் தட்டினான். அதே கிளாஸில் ஊற்றினான்.

"இதையும்."

பிரபு லேபிளைப் பார்த்தான். சிரிப்பு வாயிலேயே நின்றது.

"பழசு மாப்ளை. கெட்டுப்போயிருக்கும்."

"மாலை அறுந்து நாலு மாசம் ஆச்சு மச்சான். ஒம்பது நாள் ஊரே குடிச்சுது. நீ என்னைக்குக் குடிச்ச?"

"வேணாங்கிறேன்ல."

"ஒரு மடக்கு. குடிச்சா நாளைக்கே நீ சொல்றத எழுதறேன்."

பிரபு கிளாஸைக் கையால் தட்டிவிட்டான். அது கவிழ்ந்து பீர் தரையில் ஓடியது. தியாகேசன் அதற்காகவே காத்திருந்தவன் போல் பாய்ந்தான். நாற்காலியோடு இருவரும் விழுந்தார்கள். தியாகேசன் மார்பில் ஏறினான். ஒருநாள் தன் மார்பில் ஏறியவனின் மார்பு. இடது முழங்காலால் கூடிய விரல்களை அழுத்தினான். பிரபு அலறவில்லை. அலற வாயைத் திறக்க வேண்டும்.

பாட்டிலை உதட்டில் வைத்து நெட்டினான். உதடு கிழிந்தது. கண்ணாடி பல்லில் இடித்தது. முன்பல் ஒன்று முறிந்தது. பிரபு வாயைத் திறக்கவில்லை. பீர் தாடையில் வழிந்து காதில் இறங்கியது. மூக்கில் ஏறியது. கண் பிதுங்கியது. கால் தரையை உதைத்தது. ரத்தமும் நுரையும் சேர்ந்து கழுத்தில் ஓடியது. அவன் வாயைத் திறக்கவில்லை.

மேகலா நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றாள். "விடுங்க" என்றாள். "செத்தாலும் தொறக்க மாட்டான். தொறக்காமயே சொல்லிட்டான்ல."

தியாகேசன் எழுந்தான்.

பிரபு தவழ்ந்து கொல்லைக்குப் போனான். குழாயடியில் உட்கார்ந்து வாயைக் கொப்பளித்தான். உடைந்த பல்லைத் துப்பினான். மறுபடி கொப்பளித்தான். விரலை விட்டு நாக்கைத் தேய்த்தான். மறுபடி கொப்பளித்தான். முகத்தைக் கழுவினான், மூக்கைச் சிந்தினான், மறுபடி கொப்பளித்தான். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடிக் கத்திரிப் பாத்தியில் இறங்கியது. வெகுநேரம் ஓடியது. பிறகு வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

தியாகேசன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து ஃபோனை எடுத்தான். எழுதினான்:

புது கோடை பீர். காய்ச்சியவன் என் முன்னால் குடித்தான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

தை பீர். காய்ச்சியவன் பல் உடையும்வரை வாயைத் திறக்கவில்லை. உடைத்தவன் நான்.

மார்கழியோடு என் மூக்கு போய்விட்டது. இது கடைசி.

மேகலாவிடம் நீட்டினான். அவள் நின்றபடி படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, திரும்பவும் படித்தாள்.

"போலீசு வருமே" என்றாள்.

"வரட்டும்."

அவள் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துவந்து கூடத்தைக் கழுவ ஆரம்பித்தாள். மூன்று வாளி ஊற்றித் தள்ளினாள். குனிந்து முகர்ந்தாள். நாலாவது வாளிக்குப் போனாள்.